மூக்கைக் குத்தும் கயிறு

மாரி மழை பிடித்துவிட்டால் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இரண்டு விதமான நிலம் இருப்பது தெரியவரும். மேற்குப் பக்கம் செம்மண் தோட்டங்கள். அடியில் சுண்ணக்கல் இருப்பதால் பெய்த தண்ணீர் கீழே இறங்கிவிடும். இரண்டொரு நாளில் பாத்திக்குள் கால் வைக்கலாம். கிழக்கே கைதடிப் பக்கமாகப் போகப் போக வயல் வரும், தரவை வரும், பிறகு உப்பு நீரேரி வரும். அங்கே களி. மேலே காய்ந்திருந்தாலும் கீழே கூழாகத்தான் இருக்கும். உரம் இறக்கப் போன லொறி ஒன்று அதில் புதைந்தால் இழுத்தெடுக்க உழவு இயந்திரம் வரும்.

அதன் சாரதி சங்கிலியை எங்கே மாட்டுகிறார் என்று கவனியுங்கள். கைக்கு எட்டுகிற உயரத்தில் எத்தனையோ இரும்புகள் இருக்கும். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, குனிந்து, பின் அச்சுக்கும் கீழே இருக்கிற இழுவைத் தண்டில்தான் கொளுக்கியைப் போடுவார். புதிதாக வந்த பெடியன் யாராவது சங்கிலியை மேலே மாட்டப் போனால், “மிசின் எழும்பும்டா” என்று அதட்டல் விழும். எழும்பும் என்றால் முன் சில்லுகள் நிலத்தை விட்டுக் கிளம்பி, இயந்திரம் பின்பக்கமாகப் புரளும். சாரதிக்கு மேல் விழும். அதே எஞ்சின், அதே சங்கிலி, அதே லொறி. மாட்டிய இடம் இரண்டு சாண் உயர்ந்ததற்கு இத்தனை வித்தியாசமா?

இதற்கான விடைதான், தன் மூக்கில் தானே இழுபொறி வைத்திருக்கிற ஜீப்புக்கும் விடை. இழுபொறி என்றால் விஞ்ச்: மின்மோட்டர், பற்சில்லுத் தொகுதி, கயிறு சுற்றிய உருளை ஆகிய மூன்றும் சேர்ந்த கருவி. கயிற்றின் நுனியை ஒரு மரத்தில் கட்டிவிட்டு ஆளியை அழுத்தினால், வாகனம் தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். காட்டுப் பாதை ஓட்டிகள் சிலர் இந்த விஞ்சைக் கழற்றி, முன் பம்பரை வெட்டி, இன்னும் கீழே இறக்கிப் பூட்டுகிறார்கள். செலவும் வெல்டிங் வேலையும் கொஞ்சமல்ல. அந்தப் பாட்டுக்குப் பலன் உண்டா என்பதுதான் கேள்வி.

விஞ்ச் ஏன் முதலில் உயரத்துக்குப் போனது என்பதை ஒருக்கால் பார்த்துவிடலாம். லாண்ட் ரோவர் 1948 இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமானது. அந்தக் காலத்து லாண்ட் ரோவர்களுக்குக் கிடைத்த ஒரு வகை விஞ்ச், எஞ்சினின் முன் தண்டிலிருந்து நேரே சக்தியை எடுத்தது. தண்டு எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் விஞ்சும் இருக்க முடியும். பிறகு மின்மோட்டர் வந்தது. அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1974 பெப்ரவரியில் கொண்டுவந்த எம்8274 என்ற விஞ்சின் பெயரிலேயே அந்த ஆண்டும் மாதமும் இருக்கின்றன. முதல் 8 அதன் 8000 இறாத்தல் இழுவையைக் குறிக்கும். மின்விஞ்சுக்கு வேண்டியது இரண்டு தடித்த வயர்கள் மட்டும். எங்கும் வைக்கலாம் என்றானதும், எல்லாரும் பூட்டுவதற்கு மிகச் சுலபமான இடத்தில், பம்பரின் முதுகில், ஏற்றி வைத்தார்கள். இடத்தைத் தீர்மானித்தது ஸ்பனரின் வசதி; விசையின் கணக்கை அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை.

விசையின் கணக்கைப் பார்க்க, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் யாழ்ப்பாணத்துத் துலாவை விட நல்ல கருவி கிடையாது. ஆடுகாலில் அச்சு; அதன் மேல் நீண்ட துலா; ஒரு முனையில் கொடியும் பட்டையும். துலா மிதிப்பவர் அச்சுக்கு அருகில் நிற்கும்போது ஒன்றும் நடப்பதில்லை. கிணற்றுப் பக்கமாக நாலு அடி நடந்தால் துலா சாய்கிறது; திரும்பி மறுபக்கம் நடந்தால் தண்ணீர் நிறைந்த பட்டை மேலே வருகிறது. அவருடைய நிறை கூடவுமில்லை குறையவுமில்லை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரம் மாறியது, அவ்வளவுதான். நிறையும் தூரமும் சேர்ந்து செய்கிற இந்தச் சுழற்றும் வேலையைத்தான் நம் பாடப் புத்தகங்கள் ‘திருப்பம்’ என்கின்றன. நிறை இரண்டு மடங்கானாலும், தூரம் இரண்டு மடங்கானாலும், திருப்பம் இரண்டு மடங்காகும்.

இப்போது ஜீப்பின் முன் அச்சை ஆடுகாலின் அச்சாக நினையுங்கள். விஞ்ச் அதற்கு முன்னால் தொங்குகிறது. விஞ்சும் அதைத் தாங்கும் இரும்புப் பம்பரும் சேர்ந்து 75 கிலோ, முன் அச்சிலிருந்து 70 சென்ரிமீற்றர் முன்னால் என்று வைப்போம். முன் பின் அச்சுகளுக்கிடையிலான தூரம், லாண்ட் ரோவர் டிஃபென்டர் 90 இல் உள்ளபடி, 2.36 மீற்றர். முன் ரயர்கள் கூடுதலாகத் தாங்குவது 75 கிலோ என்று நினைத்தால் தவறு. ஏறத்தாழ 97 கிலோ. மிச்ச 22 கிலோ பின் அச்சிலிருந்து களவாடப்பட்டது: முன்னால் தொங்கும் நிறை, முன் அச்சைச் சுழல் புள்ளியாக வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்க்கிறது.

இதில் உயரம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. சமதரையில் நிற்கும் வாகனத்துக்கு, விஞ்சை எவ்வளவு இறக்கினாலும் முன் அச்சின் சுமை மாறாது. 20 சென்ரிமீற்றர் பின்னுக்குத் தள்ளினால் மாறும். ஆகவே முன் ஸ்பிரிங் தாழ்ந்து போகிறது என்பதற்காக விஞ்சைக் கீழே இறக்குகிறவர் தப்பான மருந்தைச் சாப்பிடுகிறார்.

பலரும் முதலில் சொல்லும் காரணம் வேறு: கீழே வைத்தால் வாகனத்தின் ஈர்ப்பு மையம் தாழும், கவிழாது. கணக்கு எளிது. 40 கிலோ விஞ்சை 25 சென்ரிமீற்றர் இறக்குகிறோம். வாகனம் 1800 கிலோ. முழு வாகனத்தின் ஈர்ப்பு மையம் தாழ்வது ஏறத்தாழ அரை சென்ரிமீற்றர். கூரை மேல் ஒரு சாக்கு அரிசியை ஏற்றினாலே அந்த இலாபம் எல்லாம் போய், அதற்கு மேலும் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிற காரணம். அதற்காகப் பம்பரை வெட்ட வேண்டியதில்லை.

உண்மையான காரணம் கயிறு இறுகும்போதுதான் வெளியே வருகிறது.

உழவு இயந்திரத்திடம் திரும்பிப் போவோம். சங்கிலி அதைப் பின்னால் இழுக்கிறது. ரயர்கள் நிலத்தை உதைத்து அதை முன்னால் தள்ளுகின்றன. தள்ளு நிலமட்டத்தில், இழுப்பு சங்கிலியின் உயரத்தில். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விசைகள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் பொருள் சுழலத் தொடங்கும். சங்கிலி மேலே இருந்தால் இடைவெளி அதிகம், திருப்பம் அதிகம், மூக்கு எழும்பும். சங்கிலி கீழே இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. மூக்கு கொஞ்சம் எழும்பினாலும் பின்னால் இருக்கும் இழுவைத் தண்டு நிலத்தை நோக்கித் தாழ்கிறது, இடைவெளி மேலும் குறைகிறது, புரளும் வேகம் தானாக அடங்குகிறது.

விஞ்ச் ஜீப்பில் இதே காட்சி கண்ணாடியில் தெரிவது மாதிரி மாறி நடக்கிறது. கயிறு முன்னால் இழுக்கிறது. சேறு பின்னால் பிடித்து வைக்கிறது. சேறு பிடிப்பது ரயரின் அடியில், கயிறு இழுப்பது பம்பரின் உயரத்தில். திருப்பம் மூக்கை நிலத்துக்குள் குத்துகிறது. எவ்வளவு குத்துகிறது என்பது இழுவையையும் உயரத்தையும் பொறுத்தது. நன்றாகப் புதைந்த ஜீப்பைக் கிளப்ப 1500 கிலோ இழுவை தேவைப்படுகிறது என்று கொள்வோம். கயிறு 85 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து புறப்பட்டால் முன் அச்சில் ஏறும் மேலதிக சுமை ஏறத்தாழ 540 கிலோ. அதை 60 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் ஏறத்தாழ 381 கிலோ. வித்தியாசம் 159 கிலோ, அதாவது பொனட்டின் மேல் இரண்டு வளர்ந்த ஆட்கள் குந்தியிருக்கிற அளவு. சேறு ரயரை அடியில் மட்டும் பிடிக்காமல் கொஞ்சம் மேலேயும் பிடிக்கிறதே என்று கேட்கலாம். சரிதான். அப்போது இரண்டு எண்களும் ஒரே அளவால் குறையும். அந்த 159 மட்டும் அப்படியே நிற்கும்.

அந்த இரண்டு ஆட்கள் களிமண்ணில் செய்கிற வேலை சாதாரணமானதல்ல. சுமை கூடினால் ரயர் இன்னும் ஆழமாகப் போகிறது. ஆழம் கூடினால் முன்னாலிருக்கும் சேற்றைத் தள்ளி நசுக்கி வழி திறக்க இன்னும் அதிக விசை வேண்டும். விசையைக் கூட்டினால் மூக்கு இன்னும் குத்துகிறது. போலந்தில் பிறந்த பொறியியலாளர் பெக்கர் இந்த ஆழத்துக்கும் தடைக்கும் உள்ள உறவைத்தான் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். வெவ்வேறு அகலமுள்ள தட்டுகளை மண்ணில் அழுத்தி, எந்தச் சுமைக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து, அதிலிருந்து ஒரு சில்லு அந்த மண்ணில் எவ்வளவு தடையைச் சந்திக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை உருவாக்கினார். 1956 இல் நூலாகவும் வந்தது. சேற்றையும் மணலையும் பற்றிய அந்த அறிவுதான் 1971 இல் அப்பல்லோ 15 பயணிகள் சந்திரனில் ஓட்டிய வண்டி வரைக்கும் போனது.

மூக்கு குத்துகிறது என்பதை நம்ப யாருடைய நூலும் தேவையில்லை. சமையலறைத் தராசு ஒன்றும் விளையாட்டுக் கார் ஒன்றும் போதும். முன் சில்லுகளைத் தராசிலும், பின் சில்லுகளை அதே உயரத்தில் ஒரு புத்தகத்திலும் வையுங்கள். பின் சில்லுகளுக்கு முன்னால் மெல்லிய அடிமட்டம் ஒன்றை ஒட்டிவிட்டால் கார் நகராது, அதுதான் சேறு. காரின் மூக்கில் தாழ்வான இடத்தில் நூலைக் கட்டிக் கிடையாக இழுத்துத் தராசைப் பாருங்கள். பிறகு நூலைப் பொனட் உயரத்துக்கு மாற்றி, அதே பலத்தோடு இழுங்கள். எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ‘அதே பலம்’ என்பதை உறுதிப்படுத்தக் கையால் இழுக்காமல், நூலை மேசை விளிம்பில் ஒரு நூற்கட்டை வழியாக இறக்கி ஒரு சின்னப் படிக்கல்லைத் தொங்கவிடுவது நல்லது. கட்டுகிற உயரத்தை மாற்றும்போது நூற்கட்டையின் உயரத்தையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நூல் சரிந்து வேறொரு கதையைச் சொல்லும்.

உண்மையான ஜீப்பில் தராசு ஏற்கெனவே பூட்டியிருக்கிறது. அதன் பெயர் ஸ்பிரிங். முன் சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளவுநாடாவால் அளந்து கொள்ளுங்கள். நிறை தெரிந்த இரண்டு பேரைப் பம்பரில் ஏற்றி மறுபடி அளந்தால், எத்தனை கிலோவுக்கு எத்தனை மில்லிமீற்றர் தாழ்கிறது என்று தெரிந்துவிடும். பின்பு ஆட்களை இறக்கிவிட்டு, பிறேக்கைப் பிடித்தபடி விஞ்சை ஒரு பனையை நோக்கி இழுக்கவிட்டு, தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இறுகிய கயிற்றுக்குப் பக்கத்தில் அளவுநாடாவோடு குனியக் கூடாது. உருக்குக் கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுவது அதற்காகத்தான்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, தாழ்வாக வைப்பதே எங்கும் சரி என்று முடிவெடுத்தால் மலைநாட்டுக்காரர் சிரிப்பார். நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் ஜீப் சறுக்கி நிற்கிறது என்று வையுங்கள். அங்கே அதைப் பின்னால் இழுப்பது சேறு அல்ல; அதன் சொந்த நிறையின் ஒரு பங்கு. அந்தப் பங்கு ரயரின் அடியில் நின்று இழுப்பதில்லை, வாகனத்தின் ஈர்ப்பு மையத்தில் நின்று இழுக்கிறது. அது ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், அதே 75 இல் இருக்கிற கயிறு வாகனத்தை எந்தப் பக்கமும் சுழற்றாது. 60 இல் இருக்கிற கயிறு மூக்கைத் தூக்கப் பார்க்கும். சரிவில் முன் ரயர்கள் இலேசாவதை எந்தச் சாரதியும் விரும்ப மாட்டார். ஸ்டியரிங் சொல் கேட்காது. செங்குத்தான பாறையில் ஏறும் போட்டி வாகனங்கள் சிலவற்றில், முன் ஸ்பிரிங்கை வேண்டுமென்றே கீழே இழுத்துப் பிடிக்கத் தனியாக ஒரு சிறு விஞ்சே பூட்டுகிறார்கள். ஆக, கயிறு எந்த உயரத்தில் இருக்கலாம் என்பதை, வாகனத்தைப் பிடித்து வைக்கிற தடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. குடாநாட்டில் மலை இல்லை. இங்கே தடை என்றால் சேறும் மணலும். அவை பெரும்பாலும் அடியில்தான். கோப்பாய்க்குத் தாழ்ந்த விஞ்ச் பொருந்தும் என்று நான் சொல்வது இந்த ஒரே காரணத்தை வைத்துத்தான்.

சரி, இறக்குவதென்றால் எப்படி? பம்பருக்கு அடியில் தொங்கவிடுவது மகா மோசமான வழி. முன் ரயரின் ஓரத்திலிருந்து பம்பரின் அடி விளிம்புக்கு ஒரு கோடு போட்டால் அது நிலத்தோடு ஒரு கோணம் அமைக்கும். அதை அணுகுகோணம் எனலாம். பம்பர் கீழே வந்தால் கோணம் சுருங்கும், ரயர் தொடுவதற்கு முன்பே மூக்கு வயல் வரம்பில் போய் முட்டும். சேற்றில் மூக்கைக் குத்தாமல் காப்பாற்றப் போய் வரம்பில் குத்தினால் என்ன பயன்? ஆகவே பம்பரின் நடுப்பகுதியை வெட்டி, சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் நடுவே தடித்த உருக்குத் தட்டொன்றை அமைத்து, விஞ்சை அதற்குள் உட்கார வைக்க வேண்டும். சட்டத்தின் அடியைத் தாண்டி எதுவும் கீழே வரக்கூடாது. இப்படிச் செய்தால் பெரும்பாலும் பின்னுக்கும் கொஞ்சம் தள்ள இடம் கிடைக்கும். துலாக் கணக்கின் இலாபமும் சேரும். றேடியேற்றருக்கு முன்னால் இருந்த மறைப்பும் விலகும். நம்மூர் வெயிலில், வாகனம் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் விஞ்ச் வேலையில், றேடியேற்றருக்குக் காற்று தடையில்லாமல் கிடைப்பது பெரிய விஷயம்.

எல்லா வாகனத்திலும் அந்த இடைவெளி காலியாக இருக்காது. ஸ்டியரிங் பெட்டியோ அதன் தண்டோ குறுக்கே நிற்கலாம். முன் அச்சு முழுதாக மேலே எழும்பும்போது அது எதையும் தொடக்கூடாது என்பதை ஜாக்கி வைத்துப் பார்த்த பிறகே வெட்டுகிற வேலையைத் தொடங்க வேண்டும். தனிச் சேசிஸ் இல்லாத புதிய வாகனங்களில், பம்பருக்குப் பின்னாலுள்ள இரும்பு மோதலின்போது நசுங்கி ஆட்களைக் காப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதில் கை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆணிகளிலும் அதே திருப்பம் காத்திருக்கிறது. பெரும்பாலான விஞ்சுகள் நான்கு ஆணிகளில் நிற்கின்றன: குறுக்காக 254 மில்லிமீற்றர், முன்பின்னாக 114 மில்லிமீற்றர் இடைவெளி. ஒன்றரைத் தொன் இழுவை முழுவதும் இந்த நான்கின் வழியாகத்தான் சேசிஸுக்குப் போகிறது. கயிறு உருளையின் அடிப்பக்கத்திலிருந்து வெளிவரும்படி சுற்றுவது வழமை. மேற்பக்கமாக வந்தால் கயிற்றுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி கூடும். விஞ்ச் முன்னால் கவிழப் பார்க்கும். பின் ஆணிகள் பிடுங்குபடும். நல்ல கராச்காரர் வெல்டிங்கை விட்டு ஆணியை நம்புவதும் இதனால்தான். இழுவிசை வெல்டிங் பிடிப்பைப் பிரிக்கும் திசையில் வராமல், தட்டு சேசிஸ் சட்டத்தோடு அழுந்தும் திசையில் வரும்படி அமைப்பார்.

தாழ்ந்த விஞ்சுக்கு ஒரு விலை உண்டு. கோப்பாயில் அது சற்று அதிகம். உப்பு நீரேரிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் இறங்கினாலே மோட்டர் நனையும். நன்னீராக இருந்தால் காய்ந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், ஒன்றையொன்று தொடுகிற இரண்டு வெவ்வேறு உலோகங்களைச் சின்ன பற்றரியாக்கி ஒன்றை அரிக்கும். உருக்குக் கயிற்றுக்குப் பதிலாகப் போடும் இழைக்கயிறு உராயாதிருக்க, அது வெளிவரும் வாயில் வைக்கும் அலுமினியத் துண்டு, உருக்குப் பம்பரில் நேரடியாக இருந்தால் அரிபடுவது அலுமினியந்தான். இடையில் மெல்லிய பிளாஸ்ரிக் தகடு வைக்க வேண்டும். தரவையிலிருந்து வந்தவுடன் கிணற்றுத் தண்ணீரால் கழுவவும் வேண்டும்.

கட்டுகிற பனையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மரத்தைக் காப்பதற்காகப் பட்டியை அடியோடு ஒட்டிக் கட்டுவது நல்ல பழக்கந்தான். ஆனால் விஞ்ச் 85 சென்ரிமீற்றரிலும் பட்டி 30 இலும் இருந்து, பனை ஐந்து மீற்றரில் நின்றால், கயிறு கீழ்நோக்கிச் சரியும். 1500 கிலோ இழுவையில் சுமார் 165 கிலோ நேரே மூக்கைக் கீழே இழுக்கப் போய்விடும். தாழ்ந்த விஞ்சில் இந்தச் சரிவும் குறைகிறது. உயர்ந்த விஞ்ச்காரர் தூரத்துப் பனையைத் தேடுவது நல்லது.

இனி, பம்பரை வெட்ட மனமில்லாதவருக்கு ஒரு வழி. கப்பி ஒன்றைப் பனையில் கட்டி, விஞ்ச் கயிற்றை அதற்குள்ளால் கொண்டுபோய்த் திரும்ப வாகனத்துக்கே கொண்டுவாருங்கள். நுனியைச் சேசிஸில் தாழ்வாக இருக்கிற, உறுதியான இழுவை வளையத்தில் மாட்டுங்கள். இப்போது வாகனத்தை இரண்டு கயிறுகள் இழுக்கின்றன. 1500 கிலோவில் விஞ்ச் சுமப்பது பாதி. அந்தப் பாதிதான் 85 சென்ரிமீற்றரில். மற்றப் பாதி வளையத்தின் உயரத்தில், 50 இல் என்று வைப்போம். முன் அச்சில் ஏறும் சுமை 540 இலிருந்து ஏறத்தாழ 429 கிலோவாகக் குறையும். பம்பரை வெட்டி விஞ்சை இறக்கினால் கிடைத்திருக்கக்கூடிய 159 கிலோ இலாபத்தில் 111 கிலோ, வெல்டிங் கடைக்குப் போகாமலே கிடைத்துவிடுகிறது.